நான்கு இடம் பார்த்தால் போதும் என்றிருந்தேன்

1. முதல் ரிப்போர்ட்

பவுன்ராஜ் அண்ணனின் வலது கண்ணில் நான் பார்க்கத் தவறிய கம்பித் துணுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் திறமைகளைத் தெரிந்துகொள்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நான் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, படித்தவள். தேனியில் ஒரு கண் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்கேன் அறையில் இருக்கிறேன். வழக்கமான பி-ஸ்கேன் கண்ணின் பின்பக்கத்தைக் காட்டும். யுபிஎம் அதைவிட அதிர்வெண் மிக அதிகமான அல்ட்ராசவுண்ட். கண்ணின் முன்பக்கத்தில் சில மில்லிமீட்டர் ஆழம்தான் பார்க்கும், ஆனால் மிக நுணுக்கமாகப் பார்க்கும். நோயாளியைப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து விட்டு, இமைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கப்பைப் பொருத்தி, அதில் சலைன் ஊற்றி, புரோப் என்கிற ஸ்கேன் கருவியின் நுனியை அந்தத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும்.

யுபிஎம் மெஷின் வந்த வாரம் மேனுவலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் படித்தேன். கண்ணைக் கடிகார முகமாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என நான்கு இடத்தில் படம் எடுத்தால் பெரும்பாலான ரிப்போர்ட்டுக்குப் போதும். ஒரு கண்ணை ஆறு நிமிடத்தில் முடிப்பேன். துணைக்கு வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தால் நேரம் போகும் என்று அவர்களை வெளியே உட்காரவைத்தேன். அது என் சட்டம்.

பவுன்ராஜ் அண்ணன் கம்பம் பக்கம் திராட்சைப் பந்தலில் வேலை செய்பவர். கண் சிவந்து, வலித்து, கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருந்தது. கருவிழி மங்கலாக இருந்ததால் உள்ளே கண்ணின் நீர் வடிகிற மூலையான கோணம் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டரம்மா அனுப்பியிருந்தார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"மருந்தடிக்கையில தெறிச்சிருச்சு பாப்பா. அங்கன எல்லாப் பயலுக்கும் இதேதான்."

திராட்சைக்காரர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். நாங்களும் அதையே எழுதுவோம். வேறு கேள்வி கேட்கவில்லை. நான்கு இடம் பார்த்தேன். 'கோணம் எல்லாப் பக்கமும் திறந்திருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டேன்.

2. செல்லக்கனி அக்கா உள்ளே வந்தது

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அந்தக் கண்ணால் முகத்துக்கு முன் காட்டிய விரல்களை எண்ணத்தான் முடிந்தது. டாக்டரம்மா மறுபடி ஸ்கேன் எழுதினார்.

கப்பைப் பார்த்ததும் அவர், "அந்தக் கிண்ணத்த வைக்கிறதுன்னா எம் பொண்டாட்டி பக்கத்துல இருக்கணும்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் சட்டத்தைத் தளர்த்தினேன். செல்லக்கனி அக்கா உள்ளே வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பி வெட்டையில கண்ணாடி போடுங்கன்னா, நான் என்ன கலெக்டரான்னு கேட்டாக. இப்பப் படுத்துக் கெடக்காக."

"எந்தக் கம்பி அக்கா?"

"பந்தல் கம்பிதான். கட்டிங் பிளேயர்ல வெட்டையில கண்ணுக்குள்ள சுருக்குன்னுச்சாம். கசக்கிட்டு மறுநா மருந்தடிக்கப் போய்ட்டாக."

"அது அன்னைக்கே சரியாப் போச்சுடி" என்றார் அவர், படுத்தபடியே.

புரோபை நிறுத்தாமல் சுற்றினேன். மூன்றில் ஒன்றுமில்லை. நான்கைத் தாண்டியதும் கோணத்தின் மூலையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் கறுப்பு நிழல். உலோகம் அப்படித்தான் தெரியும். ஆறுக்குப் போனால் அது இல்லை.

டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அஞ்சு மணி பக்கம் அன்னைக்கு எடுத்தியா?"

"இல்ல மேடம்."

"கம்பின்னு தெரிஞ்சிருந்தா நானே சி.டி. எடுத்திருப்பேன். நானும் கேக்கல" என்றார். அன்றே மதுரைக்கு அனுப்பி, ஆபரேஷனில் துணுக்கை எடுத்தார்கள். பார்வை பாதிதான் திரும்பியது. அண்ணன், கம்பி முறுக்கும்போது கை இடம் தவறுகிறது என்று பந்தல் வேலையை விட்டு, இப்போது பழம் எடை போடுகிறார்.

3. கேட்டார், சொன்னேன்

சில மாதம் கழித்து, புண் ஆறியபின், மறுபடி ஸ்கேனுக்கு வந்தார்கள். படுத்துக்கொண்டே கேட்டார்: "மொத தடவை வந்தப்பவே அது உள்ள இருந்துச்சா பாப்பா?"

டாக்டரம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சுண்ணே. அந்த எடத்த நான் பாக்கல."

செல்லக்கனி அக்காதான் வெடித்தார். "எம்புட்டு லேசாச் சொல்ற! மூணு வாரம் இந்த மனுசன் செவுத்துல தலைய முட்டிக்கிட்டுக் கெடந்தாகத்தா!"

சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்: இரும்பு, கல், கம்பி ஏதாவது பட்டதா என்று. துணைக்கு வந்தவரிடமும் கேட்கிறேன். கடிகாரம் முழுவதும் சுற்றுகிறேன். ஒரு கண்ணுக்கு இருபது நிமிடம் ஆகிறது. கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் வருகிற கூட்டம் குறையவில்லை. மெஷின் ஒன்று, ஆள் நான் ஒருத்தி. மாலையானால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது, வேகம் தானாக வந்துவிடும், அதை நம்பாதீர்கள் என்பதுதான்.

அண்ணன் அப்படிக் கேட்ட அன்றும் கப்பை வைத்து, எந்த மணி என்று வாய்விட்டு எண்ணியபடி சுற்ற ஆரம்பித்தேன். ஏழு மணியில் இருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். "ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்? ஜீப்பு போயிரும்!"

என் கை தானாக ஒன்பதுக்குத் தாவியது; வாயும் "ஒன்பது" என்றது.

கண்ணில் தண்ணீர்க் கப்போடு அசையாமல் கிடந்த பவுன்ராஜ் அண்ணன் சொன்னார்: "தட்டுனாத் தட்டட்டும். எட்டு மணிய விட்டுட்டுப் போறியே, பாரு."