யாரும் பேசாத மலை

சித்தியின் கைபேசி எப்போதும் பாண் ரொட்டி சுற்றி வந்த பொலித்தீன் பைக்குள்தான் இருக்கும். எங்கள் ராகலைத் தேயிலைத் தோட்டத்து மழைக்கு அதுதான் உறை. அதை இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள், மாலைவரை தொடமாட்டாள். வேலை நேரத்தில் பேசினால் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அய்யா சத்தம் போடுவார். "அவசரத்துக்குத்தானே புள்ள, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு முற்பகலில் அந்த அவசரம் வந்தது. மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் ஓடித் தப்பினார்கள். சித்தி வழுக்கித் தண்ணீர் ஓடும் கானோரம் விழுந்துவிட்டாள், குளவிகள் மொய்த்துக் கொட்டின. பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பா ஓடிவந்து, அவள் பையைப் பிரித்து அம்புலன்ஸுக்கு அடித்தார், தொழிற்சாலைக்கு அடித்தார். சிக்னல் இல்லை. பாறைமேல் ஏறி நின்றும் அடித்துப் பார்த்தார். கடைசியில் கம்பளியில் கட்டித் தூக்கி இறங்கினார்கள். ரோட்டுக்கு வருமுன்பே உயிர் போய்விட்டது. ஃபோனோடு நின்ற நேரத்தில் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாளடைவில் சித்தப்பாவே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

இன்று நான் கொழும்பில் ஒரு கைபேசி நிறுவனத்தில், கோபுரங்கள் தின்னும் மின்சாரத்தைக் குறைக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள் உண்டு. பேச்சு குறைந்தால் கணினி அவற்றில் பெரும்பாலானவற்றை உறங்க வைக்கும். மிச்சமுள்ளவை எட்டும் தூரம் சுருங்கிவிடும். மின்சாரமும் டீசலும் விற்கிற விலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் மலைக்குச் சிக்னல் தரும் கோபுரத்தின் அழைப்பு வரைபடத்தைப் பார்த்தேன். காலைமுதல் மாலைவரை படுத்த கோடு. மலை நிறையப் பெண்கள் வாய் திறக்காமல் கொழுந்து பறிப்பது கணினிக்கு எப்படித் தெரியும்? எட்டாத அழைப்பு கணக்கிலும் ஏறாது. சித்தி செத்த நாளிலும் அதே கோடுதான். ஆன்டெனாக்களை அணைத்தது சரி என்றே கணினி கற்றுக்கொண்டிருந்தது. மேலாளரிடம் சொன்னேன். பேசாத இடத்துக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்டார்.

பொங்கலுக்குப் போனபோது சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"அன்னைக்கு நான் அடிச்சதெல்லாம் ஒங்க ஆபீஸ்ல பதிவாகியிருக்குமாம்மா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இருக்குங்க சித்தப்பா. எல்லாம் இருக்கு."

வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்தவாட்டி வர்றப்ப அத ஒரு பேப்பர்ல எடுத்துட்டு வாம்மா. லயத்துல காட்டணும்."