ஒரே கதவின் ஒன்பது படங்கள்

நிரோஷா அக்கா எதையும் உடனே நம்பமாட்டார். எஹலியகொட பஸாரில் ஜமால்தீன் நானாவின் கொமினிகேசன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பதும் ரீலோட் போடுவதும் அவருடைய வேலை. பின்னேரம் கடையில் ஆட்கள் குறைந்ததும் இன்னொரு வேலையைத் தொடங்குவார். அதற்குச் சம்பளம் கிடையாது. உலகத்தில் புதிதாக வந்த கணினிச் செய்திகளை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி வாசித்து, தமிழில் எழுதி, எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுவார்.

குழுவின் பெயர் 'றப்பர் காட்டுக் கணினி'. எஹலியகொட, நிவித்திகல, கலவான பக்கத்துத் தோட்டங்களில் கணினிப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறோம். ஒபிஸில் கழித்துப் போட்ட மெஷினை வாங்கி உயிர் கொடுக்கிறவர்கள், கடன்பட்டு லெப்டொப் வாங்கியவர்கள், கணினியே இல்லாமல் அதைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று ஆங்கிலத் தளங்களில் தேடிப் பார்க்க நேரமும் டேட்டாவும் எங்களுக்குக் குறைவு. அக்காவின் செய்திதான் எங்கள் பத்திரிகை.

அவர் எழுதுவது இப்படி இருக்கும்: "புதிய புரொசசர் வந்திருக்கிறதாம். இரண்டு மடங்கு வேகமாம். எதைவிட இரண்டு மடங்கு என்று கம்பனி சொல்லவில்லை. சொல்லும்வரை உங்கள் பழையதைத் தூசி தட்டி வைத்துக்கொள்ளுங்கள்." இன்னொரு நாள்: "இந்த லெப்டொப்பின் பெட்டரி ஒரு முழு நாள் நிற்குமாம். யாருடைய நாள்? றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் நாளா, தோட்டத்துப் பங்களாவில் இருக்கிற தொரையின் நாளா?"

இந்தக் குணம் அவருக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு கடைக்கு வந்த புதிதில், சேர்த்துவைத்த சம்பளத்தில் கொழும்புக்குப் போய் ஒரு பாவித்த லெப்டொப் வாங்கியிருக்கிறார். மூடியின் ஓரத்தில் பெரிய புரொசசரின் ஸ்டிக்கர் மினுங்கியதாம். ஒரு மாதம் கழித்து ஸ்டிக்கரின் மூலை கிளம்பியிருக்கிறது. உரித்துப் பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர், எல்லாவற்றிலும் மட்டமான ஒன்று.

"அழுதீங்களாக்கா?"

"எதுக்கு அழணும்? அதையும் உரிச்சுப் பாத்தேன், கீழ இன்னொன்னு இருக்கான்னு."

நானும் அக்கா இருக்கிற அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்காரி. பெயர் லோஜினி. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் பட்டம் வாங்கியது நான். வாங்கிய பிறகு விண்ணப்பம் போடுவதும், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதும்தான் நடக்கிறது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இதில் ஆளை ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் விளம்பரம் போட்டிருப்பார்கள் என்று தோன்றும். இது படித்ததால் வந்த சந்தேகமா, வேலை கிடைக்காததால் வந்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்காவின் எழுத்து எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த வருஷம் மழை தொடங்கிய சமயம் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் அறிவித்தலை அவர் போட்டார். சோற்றுப் பார்சல் அளவில் ஒரு குட்டிக் கணினி. விற்பனைக்கு விடுமுன், ஆர்வலர் குழுக்களில் உள்ளவர்களுக்கு இலவசமாக அனுப்பிச் சோதிக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அறிவித்தலின் கடைசியில் அக்கா எழுதியிருந்தார்: "நான் விசாரித்துப் பார்த்தேன். நம்பலாம் என்று நினைக்கிறேன்."

குட்டிக் கணினியைவிட இந்த வரிதான் குழுவை உலுக்கியது. நிவித்திகலயில் இருந்து கிருஷ்ணகுமார், "அக்காவின் போனை யாரோ களவெடுத்துட்டாங்க" என்று போட்டார். சிரித்தோம். சிரித்துவிட்டு எங்கள் லயத்தில் அக்காவையும் சேர்த்து ஒன்பது பேர் பதிந்தோம்.

ஒரு கிழமைக்குள் ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரிப் பதில் வந்தது. ஒரே ஆள் ஒன்பது பெயரில் பதிந்ததாகச் சந்தேகிக்கிறோம், எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம் என்று.

கம்பனியைக் குறை சொல்ல முடியாது. லயத்து வீடுகளான காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. யார் எழுதினாலும் கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர், எஹலியகொட, அவ்வளவுதான் விலாசம். பார்சல்காரன் தோட்டத்து ரோட்டில் ஏறமாட்டான், பஸாரில் இருந்து போன் அடிப்பான். லயத்தில் சிக்னல் நிற்காது. அதனால் பார்சல் எது வந்தாலும் நாங்கள் கடை நம்பரைத்தான் கொடுப்போம். பழக்கத்தில் ஒன்பது பேரும் அதையே எழுதியிருந்தோம். ஒரே விலாசம், ஒரே நம்பர். அது நிரோஷா அக்கா எடுக்கிற நம்பர்.

இதைக் குழுவில் முதலில் கேட்டவன் சதீஸ். தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கிறான், எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா. அக்கா கற்றுக்கொடுத்த விதத்திலேயே கேட்டான்: "ஒன்பது மெஷின் வந்திருந்தா முதல்ல யார் கையில வந்திருக்கும்? அக்கா நம்பலாம்னு எழுதினது இதுதான் முதல் தடவை. ஏன்?"

அடுத்த நாள் அக்கா வழக்கம்போல ரேம் விலை ஏறப் போகிறது என்று ஒரு செய்தி போட்டார். கலவானயில் இருந்து ஒருவர் கேட்டார்: "யாரிடமாவது ரேம் விற்க இருக்கிறதோ?"

நான் கடைக்குப் போனேன். அக்கா யாருடையதோ பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். கவுண்டருக்குக் கீழே புதிய அட்டைப் பெட்டி ஒன்று. நான் வந்ததும் அதைக் காலால் உள்ளே தள்ளினார்.

"நீயும் அதைத்தான் பாக்குறியா?"

"எதைங்கக்கா?"

"கீழ இருக்கிற பெட்டியை. பிரிண்டர் மை, நானா கொழும்புல இருந்து கொண்டாந்தது. தொறந்து பாரு."

"வேணாங்கக்கா."

"பாக்காம நம்பாத லோஜி. தொற."

திறந்தேன். மைப் போத்தல்கள்தான். அடியில் கையை விட்டுத் துழாவவில்லை. ஆனால் துழாவ வேண்டும் என்று தோன்றியது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"மெஷின் வராட்டி போகட்டும்" என்றார். "இனி நான் எதைப் போட்டாலும் இவ யாருக்கு வித்துக் குடுக்கிறான்னுதான் பாப்பாங்க. அப்புறம் நான் எழுதி என்னத்துக்கு? நாங்க ஒன்பது பேருன்னு அந்தக் கம்பனி வாயால சொல்லணும். நீ இங்கிலீஷுல எழுதுவதானே?"

எழுதினேன். தோட்டம் என்றால் என்ன, லயம் என்றால் என்ன என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே பொய் மாதிரிப் பட்டது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள், யாருக்கும் தனி விலாசம் இல்லை என்று ஒருவர் எனக்கு எழுதினால் நான் நம்புவேனா? கம்பனியில் இருந்து மரியாதையாகப் பதில் வந்தது: ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வாசலைப் படம் எடுத்து அனுப்பவும்.

அனுப்பினோம். அதற்கு வந்த பதிலை அக்கா கடையில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். "நீங்கள் ஒரே கதவை ஒன்பது தடவை படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்."

ஜமால்தீன் நானா சிரித்தார். "அவன் சொல்றது சரிதானே புள்ள. உங்க லயத்துக்கு வந்தா எனக்கே எந்தக் கதவுல தட்டுறதுன்னு தெரியாது."

படங்களைத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சைக் கதவு, ஒரே வெடித்த படி, ஒரே கறுத்த சுவர். என்னுடைய படத்தையே நான் இரண்டாவது பார்வையில்தான் கண்டுபிடித்தேன்.

"கதவுல நம்பர் போடுவோம்" என்றார் அக்கா. "முதல் கதவுல இருந்து கடைசிக் கதவு வரைக்கும் நிறுத்தாம ஒரே வீடியோ. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாசல்ல நிக்கணும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுலதானே."

ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குக் கரும்பலகையில் எழுதும் சோக்கை எடுத்துக்கொண்டு போய்க் கதவுகளில் இலக்கம் எழுதினேன். பதிந்தவர்களின் கதவுகளில் மட்டும் எழுதினால் இடையில் வெறும் கதவுகள் நிற்கும், அதற்கும் கம்பனி ஒரு கேள்வி கேட்கும் என்று எல்லாக் கதவுகளிலும் எழுதினேன். சதீஸின் அம்மா சீதாதேவி வெளியே வந்து பார்த்தார்.

"என்னடி இது, நம்பரு?"

"கம்பியூட்டருக்குங்க அத்தை."

"இன்னைக்கு நம்பரு போடுவீங்க, நாளைக்கு வாடகை கேட்டு வருவானுங்க. எத்தனை பேரு இருக்கோம்னு கணக்கெடுத்து இங்கருந்து எழுப்பி விடுறதுக்கு இல்லையே?"

"இல்லைங்க அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்? படிச்சவங்களைக் காட்டித்தான் எங்களை ஏமாத்துறாங்க."

உண்மையில் எனக்கும் தெரியாதுதான். அந்தக் கம்பனியில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

அக்கா தன் போனோடு முதல் கதவில் தொடங்கினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து பெயர் சொன்னார்கள். பாதி வரிசை தாண்டியிருக்கும், கண்டக்டர் சுரேந்திரனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரு நம்பர் போட்டது?"

அக்கா வீடியோவை நிறுத்தவில்லை. போன் நேராகக் கண்டக்டரின் முகத்துக்குத் திரும்பியது.

"நாங்கதாங்க ஐயா."

"யார்கிட்ட கேட்டுப் போட்டீங்க? நம்பர் போட்டு, வீடியோ எடுத்து, நாளைக்கு காணி உறுதிப் பத்திரம் கேட்டு கொழும்புக்குப் போகவா? தொரை கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"கம்பியூட்டருக்குங்க ஐயா" என்றேன்.

"கம்பியூட்டருக்கு எதுக்கு கதவுல நம்பரு? என்னை என்ன மோடயன்னு நினைச்சீங்களா?"

"ஐயா, ஒங்க பேரையும் சொல்லுங்க" என்றார் அக்கா அமைதியாக. "வெளிநாட்டுல பாப்பாங்க."

"வெளிநாட்டுலயா?" அவர் தொப்பியைச் சரிசெய்தார். அடுத்த நொடி இன்னும் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் அழிங்க! இப்பவே!"

இலக்கங்களை அழிப்பதற்கு முன் அக்கா மீதிக் கதவுகளை ஓட்டமும் நடையுமாக எடுத்து முடித்தார். கண்டக்டர் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார். கடைசிக் கதவில் சதீஸ் நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பெயரைச் சொன்னான்.

வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே அனுப்பினோம். இந்தத் தடவை பதில் வர நாள் எடுத்தது. நீங்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறோம், முக்கியமாக அந்தக் கோபக்கார மனிதரைப் பார்த்தபிறகு, என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் ஒரு விலாசத்துக்கு ஒரு மெஷின்தான் அனுப்ப முடியும். யாராவது ஒருவரின் பெயரைக் கொடுங்கள்.

அதைப் படம் பிடித்து, என் தமிழாக்கத்தோடு, அக்கா குழுவில் போட்டார். மன்னிப்பு எதையும் எதிர்பார்க்கிற மாதிரி அவர் எழுதவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. யாருடைய பெயர் என்றுதான் பேச்சு ஓடியது. அக்காவின் பெயரைக் கொடுப்போம் என்று இரண்டு பேர்தான் சொன்னார்கள். சொல்லாதவர்களை நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுதினார்: "சதீஸின் பெயரைக் கொடுங்கள். நம்பரும் அவனுடையதே."

சதீஸ் அன்று நேரே கடைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"என்னங்கக்கா, என் பேரையா? நாளைக்கு எல்லாரும் என்னையில்ல கேப்பாங்க?"

"கேக்கட்டும்."

"நான் என்ன களவாணியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? நீயும் என்னை அப்படிச் சொல்லலை, கேட்டதோட சரி. நானும் ஒன்னைச் சொல்லலை" என்று அக்கா கொப்பி மெஷினின் மூடியைச் சாத்தினார்.

மெஷின் வந்த அன்று சதீஸ் குழுவில் "வந்திருச்சு" என்று போட்டான். அக்கா உடனே கேட்டார்: "படம் எங்கே?" பெட்டியின் படத்தைப் போட்டான். "மூடின பெட்டி. உள்ளே செங்கல் இருந்தால்?" என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். சதீஸ் சிரிக்கவில்லை. "ஒன்பது பேரும் வீட்டுக்கு வாங்க. வராம நான் தொறக்கமாட்டேன்" என்று எழுதினான்.

போனோம். சீதாதேவி அத்தை எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினார், பெட்டியை மட்டும் தொடவில்லை. செங்கல் இல்லை, மெஷின்தான் இருந்தது. சதீஸின் பழைய டீவியில் மாட்டி இரண்டு மணித்தியாலம் போல ஓட்டிப் பார்த்தோம்.

அக்கா செய்தியைப் போட்டார்: "குட்டிக் கணினி வந்தது. ஒன்பது பேர் பார்த்தோம். வேகம் கம்பனி சொன்ன அளவு இல்லை. சூடு கம்பனி சொல்லாத அளவு இருக்கிறது. விலைக்கு வரும்போது அவசரப்பட்டு வாங்காதீர்கள்."

கலவானக்காரர் கேட்டார்: "இலவசமாக அனுப்பியவர்களைப் பற்றி இப்படி எழுதுகிறீர்களே, இதற்குப் பின்னால் வேறு கம்பனி இருக்கிறதா?"

அக்கா பதில் எழுதத் தொடங்கியது தெரிந்தது. அதற்குள் சதீஸின் குரல் பதிவு வந்துவிட்டது. தொழிற்சாலை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியிருந்தான்: "மெஷின் என் வீட்டுலதான் இருக்கு, அக்கா வீட்டுல இல்ல. சந்தேகம்னா பஸ் ஏறி வாங்க. வந்து கையை வச்சுப் பாருங்க, சுடும்."