கேற்றடியில் நின்றவர்கள்

உவைஸ் காக்கா காலமான செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, பார்க்குக்கு வரப்போகும் புதுக் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் ஒரு தென்னைமர உயரம் என்றார். இன்னொருவர் இரண்டு தென்னை என்றார். அதற்கு நடுவில் உவைஸ் காக்காவின் பெயரில் அவருடைய மகள் எழுதியிருந்தார்: "வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." அதற்குக் கீழே யாரோ சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார்கள். தென்னைமரத்துக்காகப் போட்டது, பிந்தி வந்து சேர்ந்துவிட்டது. உடனே அழிக்கப்பட்டது. ஆனாலும் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். போட்டது நான்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கடற்கரை வீதியில் ஒரு பார்க் இருக்கிறது. பெரிய இராட்டினம், ஆடும் கப்பல், மோதும் கார்கள், சிறுபிள்ளைகளுக்கு ஒரு ரயில். நாங்கள் அதன் ரசிகர்கள். கிரிக்கெட்டுக்கு ரசிகர் இருக்கலாம், பார்க்குக்கு என்ன ரசிகர் என்று கேட்பவர்கள் எங்கள் குழுவை ஒரு கிழமை வாசித்துப் பார்க்க வேண்டும். ரயிலுக்கு அடித்த புதுப் பச்சை சரியா, மோதும் கார்களுக்கு என்ன பிடித்தது, இராட்டினத்தில் நின்ற ஆளை ஏன் ரிக்கற் கவுண்டருக்கு மாற்றினார்கள், பெருநாளைக்குப் புதிதாக என்ன வருகிறது என்றெல்லாம் கதைப்போம். நாட்டுப் பிரச்சினையைக்கூட நாங்கள் இவ்வளவு அக்கறையாகக் கதைத்ததில்லை. குழுவில் வைத்தியர் இருக்கிறார், வங்கிக்காரர் இருக்கிறார், அரிசி ஆலை முதலாளி இருக்கிறார். நான் ஒரு பாடசாலையின் பிரதி அதிபர். அநேகமாக எல்லாரும் புனைபெயரில்தான். என் பெயர் 'கடற்காற்று'. உவைஸ் காக்கா மட்டும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு இருந்தார். அந்தப் படத்தில் கப்பலின் கடைசி வரிசையில் இருந்து, தொப்பியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து கத்திக்கொண்டிருப்பார்.

நான் பார்க்குக்குத் தனியே போனதே கிடையாது. தங்கையின் பிள்ளைகளை இரவல் வாங்கிக்கொண்டு போவேன். "புள்ளயள் கரைச்சல் தாறாங்க, அதுதான்" என்று வழியில் காண்பவர்களிடம் கேட்காமலே சொல்வேன். ஒரு நாள் பிள்ளைகள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போவோம் என்று அழுதார்கள். நானோ இன்னொரு சுற்றுக்கு ரிக்கற் எடுத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வரிசையில் எனக்கு முன்னால் உவைஸ் காக்காவைக் கண்டேன். விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிவாசல் நிருவாகத்தில் எங்கள் குடிவழிக்கு மரைக்காயர், அதாவது பிரதிநிதி. சாரமும் வெள்ளைச் சேட்டுமாகத் தனியே நின்றார். எனக்கு ஒளிய இடம் தெரியவில்லை. அவர் பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதுகள விடுங்க, ஐஸ்கிறீம் தின்னட்டும். நாம ரெண்டு பேரும் ஏறுவம்" என்றார்.

இராட்டினத்தின் உச்சியில் எங்கள் பெட்டி நின்றது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்கள். "இந்த வயலெல்லாம் நான் வரம்பில நடந்து பாத்தது. உத்தியோகம் முழுக்கக் குனிஞ்சே பாத்தன்" என்றார். "இஞ்ச ஏறினாத்தான் வாய்க்கால் எங்கால வந்து எங்கால போகுதெண்டு முழுசா விளங்குது. மறுகா, கீழ இறங்கக்குள்ள வயித்துக்குள்ள ஒரு கூச்சம் வருதே, அது வேற எங்க கிடைக்கும்?" நான் கீழே யாராவது தெரிந்தவர்கள் நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் பார்க்குக்குப் போவது பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் எட்டியது. நானும் இருந்த ஒரு கூட்டத்தில் வயதானவர் ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "மரைக்காயர், நீங்க அங்க போறது அவ்வளவு வடிவில்ல. சனம் சிரிக்குது." உவைஸ் காக்கா கோபிக்கவில்லை. "சனம் சிரிக்கத்தானே அங்க போறது" என்றார். அடுத்த முறை எங்கள் குடிக்கு வேறு ஒருவரை மரைக்காயராக எடுத்தார்கள். நானும் அவரோடு ஏறுகிறவன்தான் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பாயின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கில் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கப்பல்தான் உயிர். அதை இயக்குபவர் ஸ்டெல்லா. சொறிக்கல்முனையிலிருந்து பஸ்ஸில் வருபவர், ஒரு மகளை வைத்துக்கொண்டு தனியே குடும்பம் நடத்துபவர். அவர் இயக்கினால் கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கிவிட்டு இறங்கும். வேறு ஆள் இயக்கினால் வெறும் ஆட்டம்தான். யாருடைய முகமாவது வெளிறிப்போனால் கேட்காமலே வேகத்தைக் குறைப்பார். பெண்களுக்கென்று ஒதுக்கிய மாலைகளில் எங்கள் வீட்டுப் பெண்கள் அவரை நம்பித்தான் ஏறுவார்கள். என் மனைவி வாய்விட்டுக் கத்திய ஒரே இடம் அந்தக் கப்பல் என்று அவளே சொல்லியிருக்கிறாள். "மெஷின் எங்கயும் ஒண்டுதான். ஆட்டுற கைதான் வேற" என்பார் உவைஸ் காக்கா. ஆட்களை மாற்றுவது பற்றிக் குழுவில் கதை வந்தால் இதைத்தான் எழுதுவார்.

போன வருடம் ஒரு செய்தி வந்தது. கப்பலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆட்களை உச்சிக்கு ஏற்றி இறக்கும் புதுக் கோபுரத்தை நிறுத்தப்போகிறார்கள், அதை நடத்த வெளியூர் ஆட்கள் வருவார்கள், ஸ்டெல்லாவை நிற்பாட்டுவார்கள் என்று. குழு கொதித்தது. "நாங்க விடமாட்டம்" என்று முதலில் எழுதியது கடற்காற்று. பார்க்கின் முதலாளியான ஹாஜியாரை நான் அன்று கேட்ட கேள்விகளை நேரில் கேட்டிருந்தால் எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். எல்லாரும் எழுதி ஓய்ந்த பிறகு உவைஸ் காக்கா எழுதினார்: "இதில எழுதினா ஹாஜியாருக்குக் கேக்காது. சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் புறகு நேர போய்க் கதைப்பம். சொந்தப் பேரோட வாங்க." பெருவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. என்னுடையதும்தான்.

சனிக்கிழமை நான் புறப்பட்டேன், அது உண்மை. கடற்கரை வீதித் திருப்பத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கியபோது, இறால் வடை வண்டிக்குப் பக்கத்தில் எங்கள் பாடசாலைப் பெற்றார் சங்கத்துக்காரர் ஒருவர் நின்றார். பிரதி அதிபர் ஊஞ்சலுக்காக மனுக் கொடுக்கப் போனார் என்ற கதை திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு முன்பே பாடசாலைக்கு வந்துவிடும் என்று தோன்றியது. அந்த இடத்திலேயே திருப்பினேன். பஸாருக்குப் போய் வாழைப்பழம் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு குலை தொங்கியது. நான் ஒருவன் போகாவிட்டால் என்ன, மற்றவர்கள் போவார்கள்தானே என்று எண்ணினேன். மற்றவர்களும் அப்படியே எண்ணியிருக்கிறார்கள்.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருடைய செய்தி வந்தது. "கதைச்சாச்சு. கப்பல் நிக்கும். ஸ்டெல்லாப் புள்ளயும் நிக்கும். கோபுரம் மற்ற மூலைக்குப் போகுது. எல்லாருக்கும் நன்றி." நாங்கள் கைதட்டும் கைகளை அள்ளிப் போட்டோம். யார் யார் வந்தார்கள் என்று அவர் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அவரைக் கண்டு வாயைத் திறந்தேன். "அலுவல் இருந்திருக்கும்தானே" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லி, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அலுவல் ஒன்றும் இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. அத்தோடு அந்தக் கதையை மூடிவிட்டேன்.

மூடியதாகத்தான் எண்ணியிருந்தேன். ஜனாஸா நல்லடக்கத்தன்று அவருடைய வளவில் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவருடைய உத்தியோகத்தைச் சொன்னார்கள், நேர்மையைச் சொன்னார்கள், மரைக்காயராக இருந்ததைச் சொன்னார்கள். பார்க்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அப்போது ஹாஜியார் வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்:

"எங்கட பார்க்கில கப்பல் இன்னும் நிக்குதெண்டா இவங்களாலதான். உவைஸ் காக்கா உள்ள வந்து கதைச்சார். ஏன் ஒராளா வந்தீங்க எண்டு கேட்டன். ஆக்கள் வெளியில நிக்கிறாங்க ஹாஜியார், எல்லாரும் வந்தா ஒபிஸ் காணாது எண்டார். அவரோட ஏறுற ஆள், நீங்களும் அந்த வெயிலுக்க நிண்டீங்கதானே சேர்? தேத்தண்ணி அனுப்பினேனே, வந்ததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பார்கள் என்று இவ்வளவு காலம் பயந்த முகங்கள் அவை. ஒருவரும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டி மெச்சினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே சொன்னேன்.

"ஓம் ஹாஜியார், வந்தது. நல்ல தேத்தண்ணி."

கேட்காத 'நல்ல'வையும் சேர்த்தேன். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

பார்க்கில் வேலை செய்பவர்கள் கொஞ்சம் தள்ளி, எங்கள் பேச்சுக் கேட்கும் தூரத்தில் மதிலோரம் நின்றார்கள். ஸ்டெல்லா சாரித் தலைப்பால் தலையை மூடியிருந்தார். நல்லடக்கம் முடிந்து நான் திரும்பி வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தபோது கிட்ட வந்தார்.

"சேர், ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்க பிள்ள."

"அண்டைக்கு அந்தத் தேத்தண்ணியில சீனி இருந்ததா?"

நான் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தேன்.

"கன்ரீன்ல அண்டைக்குச் சீனி முடிஞ்சி போச்சு சேர். வெறும் கசப்பு. குடிச்ச ஒருத்தரும் நல்லமெண்டு சொல்லல்ல."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைப் பிறகு சொன்னார். ஒபிசுக்குத் தேத்தண்ணி கொண்டு போனது அவர்தான். வெளியில் நிற்பவர்களுக்கும் கொடு என்று ஹாஜியார் சொல்ல, தட்டு நிறையக் கிளாஸ்களோடு வாசல் கேற்றடிக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவரும் இல்லை. தட்டோடு திரும்பிப் பார்த்திருக்கிறார். ஒபிஸ் கண்ணாடிக்குப் பின்னால் உவைஸ் காக்கா அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

"என்னைப் பாத்தார் சேர். மறுகா தலையக் குனிஞ்சிட்டார். அவர் அப்பிடிக் குனிஞ்சி நான் ஒருநாளும் கண்டதில்ல. எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. இராட்டினத்தில நிண்டவர், ரிக்கற் குடுக்கிறவர், எல்லாரையும் கூப்பிட்டன். வேலைத் தொப்பியக் கழட்டி வச்சிட்டு, ஒபிசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேற்றடியில நிண்டு குடிச்சம். ஹாஜியார் எட்டிப் பாத்தார். ஆக்கள் நிக்கிறாங்க எண்டு நம்பிட்டார்."

வேலை போனாலும் போகட்டும் என்று அவர்கள்தான் அன்று எங்களுக்காக நின்றிருக்கிறார்கள். நான் அப்போது வாழைப்பழக் கடையில் விலை பேசிக்கொண்டிருந்தேன். ஹாஜியாரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். கேட்ட பிறகுதான், சொன்னால் போகப்போவது அவருடைய வேலை என்பது உறைத்தது.

"சொல்லுங்க சேர். மறைச்சி வச்சி எனக்கும் பாரமாத்தான் இரிக்கி. ஆனா உவைஸ் சேர் பொய் சொன்னார் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. ஆக்கள் வெளியில நிக்கிறாங்க எண்டுதானே சொன்னார். நாங்க நிண்டம்தானே."

இரண்டு நாள் கழித்துப் போனேன். இரவல் பிள்ளைகள் இல்லாமல் அந்தக் கேற்றுக்குள் நான் நுழைந்தது அன்றுதான். ஹாஜியார் முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப மனுசன் ஒராளாவா வந்தார்?" என்றார். "என்னட்ட ஒரு சொல்லுக் கெஞ்சல்ல சேர். பின்னால ஊரே நிக்கிற மாதிரித்தான் கதைச்சார்." ஸ்டெல்லாவைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவு வரவில்லை.

குழுவில் உள்ளவர்களே, உவைஸ் காக்காவை உங்களுக்கெல்லாம் தெரியும். அன்று அஸருக்குப் பிறகு அவரவர் எங்கே இருந்தோம் என்பதும் தெரியும். வருகிற சனிக்கிழமை அதே நேரத்துக்கு நான் பார்க் கேற்றடியில் நிற்பேன். கப்பல் நிற்க வேண்டும், ஸ்டெல்லா நிற்க வேண்டும் என்று ஹாஜியாரிடம் சொல்வேன். யாரையும் கூப்பிடும் தகுதி எனக்கு இல்லை. வந்தால் வாருங்கள். ஒருவரும் வராவிட்டால், ஆட்கள் வெளியில் நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு அவருடைய மனம் கிடையாது. ஒராளாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிடுவேன்.

அவருடைய வீட்டார் அவர் நினைவாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்கு உரியது ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு தப்பும் செய்யாத மனிதர், வராத எங்களுக்காகத் தலையைக் குனிந்தாரே, அந்தக் குனிவு அவருடையதல்ல, என்னுடையது. இவ்வளவு நாளும் அவர் சுமந்தார். இனி என்னிடம் இருக்கட்டும்.