பாதியில் நின்ற ஜெபம்

என் மக்களே, போன வாரம் சோறு தின்னும்போது இளையவள் கேட்டாள்: "அப்பாவுக்குப் போர்ட்டுல ஜோலி கிட்டினதல்லே, பின்னே ஏன் போகல?" மூத்தவன் அவளைக் கண்ணாலேயே அடக்கினான். அடக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாயால் சொல்லப் போனால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பத்தாவது தாண்டாதவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் சென்ட்ரிங் வேலைக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். மாடிக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துவது எங்கள் வேலை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த நாள் முதல் அதுதான் நமக்குச் சோறு போட்டது. அந்த வேலையில் பெரிய சட்டம் ஒன்று உண்டு. கான்கிரீட் வார்க்கத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது. மழை வந்தாலும் சரி, முதலாளி செத்தாலும் சரி, போட்டு முடித்துத்தான் கை கழுவ வேண்டும். பாதியில் விட்ட இடம் பிறகு ஒட்டாது, என்றைக்காவது ஒழுகும். வார்ப்பு முடிந்ததும் ஒருவன் இரும்பு முட்டில் சுத்தியலால் படபடவென்று அடிப்பான். பிரியாணி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவார்கள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை ஹாலில் நம் தமிழ்ச் சபை கூடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், வீட்டுவேலை செய்கிற ஓர் அக்கா எழுந்து நின்றாள். வித்துராவுக்கு மேலே மலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அங்கே ஒரு சின்ன ஆலயம் இருக்கிறது, ஆனால் உபதேசியார் இறந்துபோன பிறகு ஆராதனை நடத்த ஆள் இல்லை என்றாள்.

"எங்கம்மா அடக்கத்துக்குக்கூட யாரும் வரலங்க. போதகர் கீழே இருந்து போன்ல ஜெபம் பண்ணினாரு. என் தம்பி அதை ஸ்பீக்கர்ல போட்டு குழிப் பக்கம் பிடிச்சிட்டு நின்னான். பாதியில போன்ல ரேஞ்ச் போயி சத்தம் நின்னுட்டு. இப்ப வரும், இப்ப வரும்னு நின்னோம். மழை பிடிச்சிட்டு. மண்ணைப் போட்டு மூடிட்டோம்."

பிறகு, "அங்க யாராச்சும் வருவீங்களா?" என்று கேட்டு உட்கார்ந்தாள்.

எல்லாரும் ஜெபிக்கத் தலை குனிந்தோம். எனக்கு ஜெபம் வரவில்லை. பாதியில மூடிட்டோம், பாதியில மூடிட்டோம் என்றே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. குரல் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஆனால் என்னிடம் கேட்டது அந்த அக்கா இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் நம் சபைப் போதகரிடம் போய், அடுத்த ஞாயிறு நான் மலைக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

அந்த வாரமே கான்ட்ராக்டர் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். விழிஞ்ஞம் துறைமுகத்துப் பக்கம் பெரிய வேலை எடுத்திருந்தார். என்னை சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொன்னார். ஆனால் முதல் வார்ப்பு அதே ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வந்து நின்றால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. மலைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன்.

"என்ன ஓய், மலைமேல யாருக்குப் பிரசங்கம்? ரத்தம் குடிக்கிற அட்டைக்கா?"

"ஆளுக இருக்காங்க அண்ணாச்சி."

"ஆமா, நாலு கிழவியும் ஒரு நாயும். நாயாவது கடைசிவரை இருக்கும். இங்க வாரும், ஒரு கூட்டமே உம்மை 'சாரே'ன்னு கூப்பிடும்."

'சாரே' என்னைக் கொஞ்சம் பிடித்துத்தான் இழுத்தது. உங்கள் படிப்பும் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, மீன் கழுவிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவிடம், "முதல் வார்ப்பை முடிச்சுக் குடுத்துட்டு அடுத்த வாரம் மலைக்குப் போலாம்னு பாக்கேன்" என்றேன்.

"அடுத்த வாரம் ரெண்டாம் வார்ப்பு வரும்லா?"

"பிள்ளைங்க படிப்பு..."

"பிள்ளைங்க படிக்கும். அதுங்க தலையில போடாதீங்க. போறதுன்னா போங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு என் மீன்சட்டியப் பாக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே முற்றத்துக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்து போனேன். தோளில் எப்போதும் போடுகிற அதே வேலைப்பை. ஆலயக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே தூசி. வாசல் மரத்தில் மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அடிக்கிற கம்பியைக் காணோம். பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஓர் அடி அடித்தேன். காத்திருந்தேன். இன்னோர் அடி. யாரும் வரவில்லை. நாய்கூட வரவில்லை. அண்ணாச்சி சிரிப்பது காதில் கேட்ட மாதிரி இருந்தது. ஆள் கூப்பிட என் கைக்குத் தெரிந்தது ஒரே அடிதான். படபடவென்று அடித்துத் தள்ளினேன்.

லயத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டது. ஆணும் பெண்ணும் கம்போடும் கத்தியோடும் தகரத்தைத் தட்டிக்கொண்டும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் வெடிப் படக்கமும் தீப்பெட்டியும்.

"எங்கே ஆனை? எந்தப் பக்கம்?"

நான் சுத்தியலோடு விழித்தேன். அப்படி அடித்தால் அங்கே காட்டானை இறங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

"ஆனை ஒண்ணும் இல்லங்க. ஜெபத்துக்குத்தான்..."

"ஜெபத்துக்கா இந்த அடி! அடுப்புல பால் வச்சிட்டு ஓடி வாறேன்" என்று ஒருத்தி கத்தினாள்.

"பழைய உபதேசியார் மெதுவாத்தான் அடிப்பாரு, ஒருத்தரும் வர மாட்டோம்" என்றார் ஒரு பெரியவர். "இவரு அடிச்ச அடியில சபைக்கே வராதவனும் வந்து நிக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கம்பையும் கத்தியையும் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருத்தி தானாகவே விளக்குமாற்றை எடுத்தாள். பாட்டு எடுத்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. மக்களே, நான் எத்தனையோ மாடி வார்த்திருக்கிறேன், ஒரு கூரை அப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை.

படக்கத்தோடு வந்தவன்தான் அந்த அக்காவின் தம்பி. ஆராதனை முடிந்ததும் அவனிடம் அவன் அம்மாவின் கல்லறையைக் கேட்டேன். கூட்டம் முழுவதும் எங்களோடு தேயிலைச் சரிவில் நடந்து வந்தது.

"ஜெபம் எந்த இடத்துல நின்னுது?" என்று கேட்டேன்.

அவன் மறக்கவில்லை. "'மறுபடியும்'னு சொன்னாரு. அதோட போயிட்டு."

நான் அங்கிருந்தே தொடங்கினேன். "மறுபடியும் இவளைக் காண்போம், ஆண்டவரே. உம்முடைய முகத்துக்கு முன்னால், கண்ணீர் இல்லாமல் காண்போம்..." முடிவுவரை சொன்னேன். நான் முடிக்கும்முன்பே அவர்கள் ஆமென் சொன்னார்கள். மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவன் அழுதுகொண்டே சிரித்தான். "அம்மா இப்பத்தான் நிம்மதியாப் படுத்திருப்பா" என்றான். அந்த நேரம் உலகத்தில் யாரையும் நான் பொறாமையாகப் பார்க்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வீடு பால் இல்லாத கட்டன்சாயா தந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமானபோது, வருகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பையை எடுக்க ஆலயத்துக்குத் தனியாகத் திரும்பினேன். அடுத்த ஞாயிறும் அடிக்கக் கம்பி இல்லையே என்று நினைத்தேன். பைக்கடியில் மெல்லிய கட்டுக்கம்பித் துண்டு ஒன்று கிடந்தது. அதைச் சுத்தியல் பிடியில் சுற்றி முறுக்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கிளையில் சுத்தியலையே தொங்கவிட்டேன்.