நூலகத்தைத் தொடக்கூடாது என்ற விதி

ஒரு பெண்ணின் வேலை போகும்படி நான் ஒரு போட்டியைக் கள்ளமாக நடத்தினேன். விதி வகுத்தவனும் நான், முடிவை எழுதியவனும் நான்.

மொன்றியலுக்கு அருகே லொங்குய்யில் பொதிகளை வீடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக நிரல் எழுதினேன். எல்லாம் சி என்ற கணினி மொழியில். மொன்றியலில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது விளங்கும்: சில வீடுகளில் அடுப்பும் பிரிட்ஜும் இருக்கும், சிலவற்றில் சுவர் மட்டும்தான், மற்றதெல்லாம் நாங்களே சுமந்து ஏற்ற வேண்டும். சி இரண்டாவது வகை. மொழியோடு கூடவே வரும் துணை நிரல்களின் தொகுப்பை நூலகம் என்போம். சியின் நூலகம் மிகச் சிறியது. விடுமுறை பார்த்துத் திகதி கணிப்பது, அட்டவணைக் கோப்புகளை வாசிப்பது எல்லாம் நானே எழுதியவை. அவற்றைத் திருத்த வேறு ஆள் இல்லை. அந்த மொழியில் இல்லாதவைதான் என்னை வேலையில் வைத்திருந்தன.

பிறகு, பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழியில் எழுதும், மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் தற்காலிகமாக எங்கள் பிரிவுக்கு வந்தார். வேலை நிரந்தரமானால்தான் தாயை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்கலாம் என்று வந்த புதிதிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இதில முக்கால்வாசி பைத்தானோடையே வருது. ஏன் கிடந்து மாயிறியள்?"

"சும்மா வாறதெல்லாம் நல்லதோ?"

"ஓட்டிப் பாத்தால் தெரியும். பயமோ?" என்று சிரித்தார்.

மேலாளரும் தமிழர், அவருக்கு அது கேட்டுவிட்டது. இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பைத்தான் வென்றால் அந்தப் பெண்ணுக்கு நிரந்தர வேலை. ஒப்பிடும் பொறுப்பு எனக்கு.

மொழிகளை மட்டுமே ஒப்பிடுகிறோம், ஆகவே இருவரும் நூலகத்தைத் தொடக்கூடாது என்று விதி போட்டேன். கேட்க நியாயமாக இருந்தது.

"நூலகம் இல்லாட்டி உங்கட சியால ஒரு எழுத்தைக்கூடத் திரையில காட்டேலாது, அண்ணை" என்றார்.

"அந்தச் சின்ன விசயத்தை விடுவம், தங்கச்சி."

நான் எழுதிக் குவித்திருந்தவற்றையோ தயங்காமல் எடுத்துக்கொண்டேன். அவை நூலகம் அல்ல, அலுவலகத்தின் சொத்து என்றேன். அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார். அவருடைய நிரல் பிந்தியது, மெதுவாகவும் ஓடியது. மேலாளர் என் சுருக்கத்தை மட்டும் வாசித்தார். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. "போட்டு வாறன், அண்ணை" என்று என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார்.

பல வருடங்கள் கழித்து நான் ஓய்வு பெற்றபின், அந்தப் பெண் மொன்றியலின் சென்-மிஷேலில் இருக்கிறார், தாய் அண்மையில்தான் வந்து சேர்ந்தார் என்று கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. வெளிப்புற இரும்புப் படிகளில் பனி உறைந்திருந்தது. தாய் ஜன்னலருகே இருந்தார். முழங்கால்கள் இப்போது மடங்குவதில்லை. வந்து ஏறியவர் இன்னும் கீழே இறங்கவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும். அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். மொழி, நூலகம் எதுவும் அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. "அப்ப நான் நடக்கேக்கையே வந்திருக்கலாமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வாரம் பழைய மேலாளரிடம் போய் அதையே சொன்னேன். அது முடிந்த கதை என்று தோளைக் குலுக்கினார். ஆனால் என் நிரல்களைப் பைத்தானுக்கு மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று அவர் வாயிலிருந்தே வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். மேலாளர் கூப்பிட, அந்தப் பெண்ணும் தன் நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

இப்போது சந்தேகம் வந்தால் எனக்குப் போன் எடுப்பார்.

"ஜூன் மாதச் சென்-ஜோன் விடுமுறை ஞாயிறில விழுந்தா ஒரு நாள்தான் தள்ள வேணும், உங்கட நிரல் ரெண்டு நாள் தள்ளுது. ஏதும் காரணமோ?"

"இல்லை, தங்கச்சி. பிழை."

"அப்ப அழிக்கிறன்."

"அம்மா எப்பிடி?" என்று கேட்டேன்.

"இன்னும் மேலதான் இருக்கிறா, கீழ இறங்கேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.