பாப்பா வரும் படகு

பழவேற்காடு படகுத்துறை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலைப் பூசையில் மகிழ்ச்சியின் அடையாளமாக ஏற்றிய ரோஸ் நிற மெழுகுத்திரியைப் பற்றியே துறையில் பேச்சு. அக்கரைப் படகில் ஏறப் போன என்னை, பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் ஸ்டெல்லா தடுக்கிறாள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. பாப்பா வருது."

அவள் தம்பிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. குறைமாதம் என்பதால் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

"பயந்தோம். ஆனா தூளி கட்டினோம், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சோம். இந்த மாசம் சாமிக்காகக் காத்திருக்கணும்னு ஃபாதர் வருஷா வருஷம் சொல்வாரு. காத்திருக்கிறதுன்னா இன்னான்னு இப்பதான் தெரிஞ்சுது. வரும்னு நம்பி வீட்டைத் தயார் பண்றதுங்க."

ஆட்டோ வந்து நிற்கிறது. துண்டில் பொதிந்த குழந்தையோடு தம்பி மனைவி இறங்குகிறாள். துறையே அவளை நோக்கி ஓடுகிறது. ஸ்டெல்லா ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள், மறுபடி துடைக்கிறாள், பிறகு குழந்தையை வாங்கிக்கொள்கிறாள்.

எல்லோரும் ஏறியதும், படகோட்டும் ஸ்டெல்லாவின் அப்பா என்ஜினைக் கிளப்பும் கயிற்றைப் பிடிக்கிறார்.

"வேணாம் நைனா, தூங்குது."

அவர் கயிற்றை விட்டுவிட்டு நீளக் கழியை எடுத்து ஊன்றுகிறார். நடு ஏரியில் குழந்தை கொட்டாவி விடுகிறது. படகில் இருக்கும் அத்தனை பேரும் சத்தமில்லாமல் சிரிக்கிறோம்.