தூண்டில் ஈயில் நான் போட்ட முடிச்சு

டிரவுட் மீன் மதுரையில் கிடையாது. மலையில், குளிர்ந்த ஓடையில் வாழும் மீன் அது. என் கணவர் கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தபோது அதைப் பிடிக்கப் பழகினார். புழுவெல்லாம் மாட்டமாட்டார். சேவல் இறகையும் நூலையும் சின்னக் கொக்கியில் சுற்றி ஓர் ஈ செய்வார். அது தண்ணீருக்கு மேலேயே மிதக்க வேண்டும், மூழ்கினால் வீண். ட்ரை ஃப்ளை என்பார். வேலை வெட்டி இல்லாதவர் செய்கிற வேலை என்று நான் சொல்லாத நாள் இல்லை.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்ததும் மதுரை அவனியாபுரத்து வீட்டுக்கே வந்துவிட்டோம். விரலுக்கு நுணுக்கமான வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், இந்த ஒரு வருடம்தான் முக்கியம், விட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். மற்றவர்களைப் பயறு பொறுக்கச் சொல்வார்களாம். இவர் மேசை ஓரத்தில் வைஸ் என்கிற குட்டி இரும்புப் பிடியைத் திருகி மாட்டி, அதில் கொக்கியைப் பொருத்தி உட்கார்ந்தார்.

முதலில் நான் பழங்காநத்தம் கறிக்கடையிலிருந்து பிராய்லர் இறகைக் கொண்டுவந்தேன். மஞ்சள் தண்ணீரில் அலசியும் வைத்தேன். "இது பஞ்சுடி. தண்ணியக் குடிச்சுட்டு முங்கிரும். நாட்டுச் சேவல் கழுத்துல சிலுப்பிக்கிட்டு நிக்கும்ல, அந்த இறகு வேணும்" என்றார். சண்டைச் சேவல் வளர்க்கும் எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உசுரோட நிக்கிற சேவல்ல ஒத்த இறகு தரமாட்டேன் மதினி. சண்டையில நம்ம சேவல்கிட்டத் தோத்துச் செத்த சேவல் நமக்குத்தான் வரும். அதுல எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

ஐந்து மாதம், தினமும் காலை பத்து மணிக்கு உட்காருவார். நூல் நழுவும், இறகு சரியும். கட்டியதைப் பேசின் தண்ணீரில் போடுவார், மூழ்கும். மறுநாள் மறுபடியும். எனக்குத்தான் பொறுமை இல்லை. கோபம் கோபமாக வரும், யார் மேல் என்று தெரியாது.

ஒரு நாள் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கினார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரி, கடைசி முடிச்சு மட்டும் தளர்ந்திருந்தது. இறகை நிமிர்த்தி, நூலை இறுக்கி, ஒரே ஒரு முடிச்சுப் போட்டேன். இதில் என்ன பாவம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அது மிதந்தது. பேசினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மலையில் இருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். "மாப்ள, கை வந்துருச்சுடா. மீன் சீசனுக்கு வாரேன்." இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். நானும் நம்பத் தொடங்கிவிட்டேன், அதுதான் கொடுமை.

மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இந்த ஈயில் முடிச்சு வெளியே தெரியக்கூடாதாம்; நூல் நுனி சுற்றுக்குள்ளேயே மறைய வேண்டுமாம். நான் போட்டது மல்லிகைச் சரத்துக்குப் போடும் முடிச்சு. மதுரைக்காரி கையில் நூலைக் கொடுத்தால் விரல் அதைத்தான் போடும்.

"நீ கட்டுனியா?"

"கடைசி முடிச்சு மட்டுந்தாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இத எடுத்து உள்ள வையி" என்று வைஸைக் காட்டினார். நண்பரைப் போனில் கூப்பிட்டு, "வரலடா மாப்ள" என்றார்.

டாக்டர் சொன்ன வருடம் முடிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்த ஐந்து மாதமும் அவர் தினமும் தோற்றார். தோற்பதற்காகவாவது அந்தக் கையை எடுத்தார். அதையும் நான் கெடுத்தேன். இப்போது காலையில் நானே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டுகிறேன். விட்டதும் மடங்கிக்கொள்கின்றன. அவர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.